இழுபறித் தொகுதியில் வாக்கு எண்ணிக்கை முகவரின் வேலை

2021-ல் தியாகராய நகரில் அப்போதைய எம்.எல்.ஏ. சத்தியநாராயணனை திமுகவின் ஜெ. கருணாநிதி வென்றது வெறும் 137 ஓட்டில். இப்படிப்பட்ட தொகுதியில் முகவரின் ஆயுதம் படிவம் 17சி, அதாவது ஒரு வாக்குச்சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு. வாக்குப்பதிவு முடிந்த கையோடு வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் பூத் ஏஜென்ட் அதன் நகலை வாங்கிவிட வேண்டும்.

மேசைக்குக் கன்ட்ரோல் யூனிட் (வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதி) வந்ததும் வரிசை எண், சீல், திரையில் காட்டும் மொத்த ஓட்டு மூன்றையும் 17சியோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் பிசகினாலும், வேட்பாளர் வாரியான முடிவைப் பார்க்கும் முன்பே ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.

மறு எண்ணிக்கை கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாய்வார்த்தை செல்லாது. மொத்தத்தை அறிவித்ததும், இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திடும் முன், காரணத்தோடு மனு கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி வேட்பாளரின் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பது நல்லது. அந்த நேரம் தவறினால், 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான்.