உதவித்தொகைக்கான இரண்டரை லட்சம் ரூபாய் வருமான வரம்பை உயர்த்தக் கேட்பது எப்படி?

உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்றால் அது நிர்வாகக் குறை. விண்ணப்பிக்கவே தகுதி இல்லை என்றால் அது விதியின் குறை. முதலாவதைக் கல்லூரி அலுவலகத்திலும் மாவட்ட நல அலுவலகத்திலும் கேட்கலாம். இரண்டாவதை அங்கே எவ்வளவு கேட்டாலும் பயன் இல்லை. அதை யாரிடம், எதை வைத்துக்கொண்டு கேட்பது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை, அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2013-14இல் வைத்த வரம்பு இது. 2021இல் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான நெறிமுறைகளைப் புதுப்பித்தபோதும் மத்திய அரசு இதைத் தொடவில்லை. கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு 400 ரூபாய் தினக்கூலி, மாதம் 26 நாள் வேலை என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,49,600. தகுதி உண்டு. கூலி 401 ஆனால் 2,50,224. அந்த ஒரு ரூபாய் உயர்வில் பிள்ளையின் உதவித்தொகை முழுவதும் போகிறது. பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள் என்று இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் வருமான வரம்பை இதே மத்திய அரசு 2017இல் 8 லட்சமாக உயர்த்தியது. அது நியாயம்தான். அந்த நியாயம் டேனரித் தொழிலாளி வீட்டுக்கும் வர வேண்டும்.

மனுவின் முதல் பக்கத்தில் இந்தக் கூலிக் கணக்கைப் போடுங்கள். கோபத்தைவிட அது வலுவாகப் பேசும்.

அடுத்தது ஆதாரம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, காரணம் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

ஆனால் அந்தப் பதிலில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இருக்காது. வருமானச் சான்றில் தாசில்தார் 2,60,000 என்று எழுதிவிட்டால் அந்த மாணவி விண்ணப்பமே போடுவதில்லை. விண்ணப்பிக்காதவர் நிராகரிக்கப்பட்டவர் பட்டியலில் எப்படி வருவார்? எந்தக் கோப்பிலும் இல்லாத இவர்களைக் கணக்கெடுப்பதுதான் மாணவர்களாகிய நம்மால் மட்டும் முடிகிற வேலை. வகுப்பு வகுப்பாகப் போங்கள். பெற்றோரின் தொழில், வருமானச் சான்றில் உள்ள தொகை, கட்டிய கட்டணம், அதற்கு வாங்கிய கடன், அடகு வைத்த நகை என்று ஒரே மாதிரியான தாளில் எழுதி வாங்குங்கள். விடுதியில் மாலை நேரத்தில் கேட்டால் நிதானமாகச் சொல்வார்கள். பெயரை வெளியிடக் கூடாது என்பவர்களின் தாளில் எண் மட்டும் போடுங்கள். சாதியையும் வறுமையையும் பிறர் முன்னால் சொல்லவைக்கும் உரிமை நமக்கு இல்லை. இதில் கண்டிப்பாக இருங்கள்.

திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கோரிக்கை மனுவின் ஒரு பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பை உயர்த்த கலெக்டருக்கு அதிகாரம் இல்லை. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40; பழங்குடியினருக்கு 75, 25. எனவே மனுக்கள் இரண்டு தேவை. வரம்பை உயர்த்துமாறு மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்கு (பழங்குடியின மாணவர்கள் என்றால் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கு) ஒன்று. அதுவரை, வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்களுக்கு மாநில நிதியிலிருந்து உதவுமாறு சென்னையில் உள்ள மாநில அரசுக்கு இன்னொன்று. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பஸ் பாஸ், விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் அது எந்தப் பிரிவின் மேசையிலும் நிற்காது.

எம்.பி.யைப் பார்க்கப் போகுமுன் தொகுதியைச் சரிபாருங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபின் பலர் குழம்புகிறார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆனால் வேலூர் மக்களவைத் தொகுதி. காட்பாடி வேலூர் மாவட்டம், ஆனால் அரக்கோணம் தொகுதி. ஆகவே காட்பாடியில் படிக்கும் ஆம்பூர் மாணவர் இரண்டு எம்.பி.க்களிடமும் போகலாம். வெறும் மனுவோடு போகாமல், மக்களவையில் கேட்க வேண்டிய கேள்வியையே நான்கு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே சந்தித்துவிடுங்கள். அமைச்சர் தரும் பதில் அவைக் குறிப்பில் ஏறும், இணையத்திலும் வரும். அடுத்த மனுவுக்கு அதுவே முதல் இணைப்பு.

"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். எந்தக் கோப்பு, அதன் எண் என்ன, கடைசியாக எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று அதே அமைச்சகத்துக்கு இன்னொரு தகவல் உரிமை மனு எழுதுங்கள்.