மூன்று தலைமுறைக்கு வீடு பார்க்கிறீர்களா? டேப் கொண்டு போங்க

வேலூரில் பெரியவர்களையும் சேர்த்துக் குடியேற வீடு தேடுபவர்கள், எத்தனை பெட்ரூம் என்று கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் கதவை அளந்து பாருங்கள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வீல்சேர் ஹாலைத் தாண்டி ஜம்மென்று வந்து, பாத்ரூம் வாசலில் மாட்டிக்கொண்டது. கதவு இரண்டரை அடிதான். மூன்று அடி இருந்தால் நிம்மதி. கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறை, அதை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத டைல்ஸ், இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசலில் சாய்தளம் போட இடம் உண்டா என்றும் பாருங்கள்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். படிக்கட்டைப் பெயர்த்துவிட்டு அப்புறம் போட்டுக்கலாம் என்பார் புரோக்கர். கேட்காதீர்கள்.

வீட்டை மே மாதம் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். நம்மூர் வெயிலில் மாடி அறை தாத்தா பாட்டிக்கு அடுப்புதான். போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். பாலாற்றங்கரைப் பக்கம் என்றால், 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அண்ணன் தம்பி சேர்ந்து பணம் போட்டால், யார் பங்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.