வாடை வந்தால் உடனே ‘கேஸ் லீக்’ என்று சொல்லாதீர்கள்

மூணாறிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: “அண்ணே, ஏசியில கேஸ் லீக் ஆகுது, ஒரே வாடை.” போடியிலிருந்து போடிமெட்டு வளைவுகளை எல்லாம் ஏறிப் போய்ப் பார்த்தால் கேஸ் அளவு சரியாகவே இருக்கும். வாடை வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும்.

மலையில் சிலர் வாங்கி வைத்திருப்பது ஹாட் அண்ட் கோல்டு ஏசி. ஹீட் பம்ப் என்பதும் இதுதான். கோடையில் அறையின் சூட்டை வெளியே தள்ளும் அதே மெஷின், குளிர்காலத்தில் ஒரு வால்வு திரும்பியதும் வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை எடுத்து உள்ளே விடுகிறது. இதில் ஓடும் கேஸ்களான ஆர்-32, ஆர்-410ஏ, பழைய மெஷின்களில் ஆர்-22, எதற்குமே மூக்கைத் துளைக்கும் வாடை கிடையாது. சமையல் கேஸ் நாறுவது, கசிந்தால் தெரியட்டும் என்று அதில் மெர்காப்டன் கலப்பதால்தான். அதனால் அந்த வாடை அடித்தால் ஏசியை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஏசியை அணைப்பதற்காகக்கூட.

வாடையைக் காரணம் காட்டி யாராவது கேஸ் நிரப்ப வந்தால், “எங்கே லீக், காட்டுங்க” என்று கேளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அதை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சீசனுக்கும் அதே செலவுதான்.

அடுத்த தவறு, வாடை வெளியிலிருந்து வருவதாக நினைப்பது. “அவுட்டோர் யூனிட் பக்கத்துல எலி செத்துக் கிடக்கு, அதான்” என்பார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. வெளி நாற்றம் வர வேண்டுமானால் செம்புக் குழாய் நுழையும் சுவர் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். பல்லி செத்திருந்தால் பெரும்பாலும் இண்டோர் யூனிட்டுக்குள்ளேயேதான் கிடக்கும்.

என்ன வாடை என்று பேர் வைப்பதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நான் போனதும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

போட்டவுடன் ஈரச் சாக்ஸ் வாடை அடித்து, கொஞ்ச நேரத்தில் குறைகிறதா? அது காயிலிலும் (இண்டோர் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாயும் தகடுகளும்) தண்ணீர்த் தட்டிலும் படிந்த பூஞ்சை. ஜூனில் தொடங்கும் மழைக்காலம் முழுக்க மூணாறில் எதுவும் காய்வதில்லை. கூலிங்கில் நனைந்த காயிலை ஹீட்டிங்குக்கு மாற்றியதும் அது சூடாகி, அதுவரை அடங்கிக் கிடந்த வாடையெல்லாம் கிளம்பும். போதாததற்கு அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஸ்வெட்டரை ஏசிக்கு நேராகத் தொங்கவிடுகிறார்கள்.

இதற்குப் பலர் போடுவது டிரை மோடு. பேரைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். அது அறையின் ஈரத்தை இழுத்து காயிலில் தண்ணீராக்குகிறது, அப்புறம் காயில் எப்படிக் காயும்? கூலிங்கை நிறுத்தியபின் அரைமணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள். ஃபில்ட்டரைக் கழுவினால் நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள், ஈரத்தோடு மாட்டுவதற்குக் கழுவாமலே விடலாம். காயிலில் பிளீச்சிங் கரைசல் ஊற்றாதீர்கள், அலுமினியத் தகடு அரித்துவிடும். ரூம் ஸ்பிரேயும் சாம்பிராணியும் அதே காயிலில்தான் போய் ஒட்டும். ஏலக்காய் மூட்டை வைத்த அறை என்றால் எல்லா வாடையும் மணமாகிவிடும், அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் இல்லை.

சாக்கடை வாடை என்றால் டிரெயின் பைப் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பாத்ரூம் குழாயோடு நேராக இணைத்து, நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு வைக்காமல் விட்டிருப்பார்கள். ஹீட்டிங் ஓடும் மாதங்களில் இண்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டாது. வளைவு இருந்தாலும் காய்ந்துபோகும், நாற்றம் மேலே ஏறும்.

இனி, காத்திருக்கவே கூடாத வாடை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஏசியில் முதல் நாள் ஹீட்டிங் போட்டால் சூடான தூசி வாடை வரும், கால்மணி நேரத்தில் போய்விடும். போகாமல் கூடிக்கொண்டே வந்தால் தூசி இல்லை. வயர் உறையும் போர்டில் உள்ள பிளாஸ்டிக்கும் சூடேறினால் சில சமயம் மீன் வாடை மாதிரியே அடிக்கும். மலையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், பக்கத்து வீட்டில் தினமும் மத்தி பொரிக்கிறார்கள். ஒரு வீட்டில் மூன்று நாள் பக்கத்து வீட்டு அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் மூடியைக் கழற்றியபோது டெர்மினல் ஸ்குரூ தளர்ந்து, சுற்றிலும் கருகியிருந்தது. இந்தச் சந்தேகம் வந்தால் ரிமோட்டில் அணைப்பது போதாது, அப்போதும் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஏசிக்கு மின்சாரம் தரும் பாதுகாப்பு சுவிட்சான எம்சிபியை இறக்குங்கள்.

வாடையே இல்லாமல் அவுட்டோர் யூனிட்டிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பினால் பயப்படாதீர்கள். உறைபனிக் காலையில் வெளிக் காயிலில் படிந்த பனியை மெஷின் தானே உருக்கும்போது கிளம்பும் ஆவி அது. போன ஜனவரியில் ஒருவர் தீ என்று நினைத்து அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.