நாய்க்கும் பூனைக்கும் வீட்டு மனிதருக்கும் ரெய்கி: கை வைப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியது

ரெய்கி என்பது உடம்பில் மெதுவாகக் கை வைத்து உயிராற்றலைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை. அதில் முதல் நிலை வகுப்பை முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே செய்வது இதுதான்: சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கும் நாயின் தலையில் இரண்டு கையையும் வைப்பார்கள். நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். "என் கையில் சக்தி ஓடவில்லையோ" என்று குருவுக்கு வாட்ஸ்அப் போகும். பிரச்சினை சக்தியில் இல்லை, கை போன இடத்தில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரெய்கியில் பேசப்படும் உயிராற்றல் என்று ஒன்று இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. எந்த நோயையும் அது குணமாக்கும் என்று நிரூபணமாகவும் இல்லை. பிறகு ஏன் செய்கிறேன் என்றால், போனைத் தொடாமல் ஓர் உயிரின் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார எனக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. எங்கள் நாய் மணி வந்து சாய்ந்துகொள்கிறான். அவ்வளவு போதும் என்பவர்கள் மேலே படியுங்கள். புற்றுநோய்க்கு, சிறுநீரகத்துக்கு என்று தேடி வந்தவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள்.

படி 1: டாக்டரைத் தாண்டி வராதீர்கள்

பிராணி "ஒரு மாதிரியாக" இருக்கிறது என்றால் முதலில் ரெய்கி இல்லை. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையையும் காட்டிவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு மேல் போனால், மூச்சு இரைத்தால், ஈறு வெளுத்திருந்தால் வண்டியை எடுங்கள். நமக்குப் போடும் பாரசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, கால் மாத்திரைகூட விஷம்.

படி 2: முதலில் உங்களுக்கு, பிறகு வீட்டு மனிதருக்கு

உள்ளங்கைகளைச் சேர்த்து நெஞ்சுக்கு முன் வைத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். ரெய்கியைத் தொடங்கிய மிக்காவோ உசுய் சொல்லிக்கொடுத்த ஐந்து வரிகளை மெதுவாகச் சொல்லுங்கள்: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையைக் கருத்தாகச் செய், பிறரிடம் அன்பாக இரு. இரண்டாவது வரியிலேயே எனக்கு இஎம்ஐ ஞாபகம் வரும். வந்தால் வரட்டும்.

பிறகு கண், காதோரம், பின்னந்தலை, தொண்டை, நெஞ்சு, மேல்வயிறு, அடிவயிறு என்று ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் போலக் கை வைத்திருங்கள். அழுத்த வேண்டாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ செய்யும்போதும் இதே வரிசைதான், துணிக்கு மேலேயே. "எங்கே வைக்கட்டும்மா?" என்று கேட்டுவிட்டு வையுங்கள். கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முகத்தை விட்டுவிடுங்கள். தொண்டையில் கை வைத்தால் சிலருக்கு மூச்சு முட்டுவது போலிருக்கும். தோளில் வைத்தால் போதும்.

படி 3: அந்தப் படத்தை மறந்துவிடுங்கள்

வகுப்பில் கொடுத்த கை நிலைப் படம் நாய்க்குச் சரிப்படாது. உசுய் 1926இல் காலமான பிறகு, அவருடைய மாணவரும் கடற்படை மருத்துவருமான சுஜிரோ ஹயாஷி டோக்கியோவில் சிகிச்சை நிலையம் நடத்தினார். வருகிறவர் படுப்பார், மேலே கை வைப்பார்கள். அங்கே 1930களில் சிகிச்சைக்கு வந்து, பிறகு கற்றுக்கொண்டு ஹவாய்க்குக் கொண்டுபோனவர் ஹவாயோ தகாட்டா. நம் ஊர் வகுப்புகளில் கைமாறி வந்திருப்பது பெரும்பாலும் அவர் வழியில் வந்த வரிசை. அசையாமல் படுத்திருக்கும் மனிதருக்கு ஏற்பட்டது அது. நாய் எழுந்து போகும், திரும்பி வரும், நடுவில் காதைச் சொறியும்.

படி 4: நாய்க்கு — இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறோம்

எனக்கும் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அறைக் கதவைத் திறந்து வையுங்கள். மூடினால் அது சிகிச்சை இல்லை, சிறை. தரையில் உட்காருங்கள், நாயை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில். கைகளை உங்கள் தொடைமேலேயே மல்லாத்தி வையுங்கள். நாயின் மேல் இல்லை. மூச்சை மெதுவாக விடுங்கள். அவ்வளவுதான் முதல் பத்து நிமிடம்.

வந்தால், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். மேலிருந்து இறங்கும் கை பல நாய்களுக்கு மிரட்டல். கீழிருந்து, தோளுக்கும் நெஞ்சுக்கும் பக்கத்தில் ஒரு கையை மட்டும் வையுங்கள். மூன்று விநாடி. எடுத்துவிடுங்கள். எடுத்த கையைத் தேடி மூக்கால் தள்ளுகிறதா, உடம்பைச் சாய்க்கிறதா? மறுபடி வைக்கலாம். தலையைத் திருப்பிக்கொள்கிறது, சாப்பாடு எதுவும் இல்லாமல் மூக்கை நக்குகிறது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிகிறது என்றால் "வேண்டாம்" என்கிறது. கை தொடைக்குத் திரும்பட்டும்.

மணி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து, முதலில் உட்காருவான். பிறகு பின்னங்கால் ஒரு பக்கமாகச் சரியும். கொஞ்ச நேரத்தில் தாடை தரையைத் தொடும், மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு வரும். இந்த வரிசை வந்துவிட்டால் இரண்டாவது கையும் வைக்கலாம்.

"கை சூடாகிறது, சக்தி இழுக்கிறது" என்று பூரித்துப் போகாதீர்கள். படி 1இல் சொன்ன வெப்பக் கணக்கைப் பாருங்கள்: நாயின் உடம்பே நம்மைவிடச் சூடு. கை வெதுவெதுப்பாகாமல் என்ன செய்யும்? ஆனால் ஓர் இடம் மட்டும் கொதிக்கிறது, தொட்டால் சுருங்குகிறது என்றால் அதைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பயிற்சியின் உருப்படியான பலன் அதுதான்: தினமும் தடவிப் பார்க்கிற கைக்கு, கட்டியோ உண்ணியோ முதலில் தட்டுப்படும்.

படி 5: பூனைக்கு

தொடாதீர்கள். அறையின் மறுகோடியில் உட்கார்ந்து படி 2ஐ உங்களுக்கே செய்துகொள்ளுங்கள். வந்தால் வரும்.

எது வேண்டும், எது வேண்டாம்

மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் மணியடிக்கும் ரெய்கி டைமர் செயலிகள் இருக்கின்றன. மனிதருக்குச் சரி, நாய்க்கு வேண்டாம். ஒவ்வொரு மணிக்கும் காது விறைக்கும். மூச்சை எண்ணுங்கள். படிகக் கல் வாங்காதீர்கள், குட்டி நாய் விழுங்கிவிடும். வாசனை எண்ணெய், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் விஷம், நீலகிரித் தைலமும் ஆகாது. முக்கியமாக, பாட்டிக்கு மூட்டுத் தைலம் தேய்த்துவிட்டு அதே கையோடு பூனையிடம் போகாதீர்கள். அது உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, தைலம் வயிற்றுக்குள் போகும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தீட்சை கட்டாயமா? மரபுப்படி ஆமாம். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் நிலைக்குத் தகாட்டா 10,000 டாலர் வாங்கினார். 1980இல் இறக்கும்போது அவர் உருவாக்கிய மாஸ்டர்கள் 22 பேர். இன்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நிலையும் முடித்து "அனிமல் ரெய்கி மாஸ்டர்" ஆகலாம் என்கிறார்கள். என் கருத்து: அந்தப் பணத்தில் நாய்க்குத் தடுப்பூசி போட்டுப் பல்லையும் காட்டிவிட்டு வாருங்கள். பக்கத்தில் சும்மா உட்காருவதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

பிற்சேர்க்கை 1: தீபாவளி

வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குச் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தால் பலிக்காது. சில வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே மூலையில் உட்காருங்கள், அந்த மூலை அதற்குப் பழகட்டும். அன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு அங்கேயே இருங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். ஆறுதலாக அணைத்தால் பயம் கூடும் என்பது தவறு. தானாக வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். மிகவும் பயப்படும் நாய்க்கு மருந்து இருக்கிறது, முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2: தெரு நாய்

"தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்க்குக் கை வைத்தேன், கடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வலியில் இருக்கும் பிராணி யாரையும் கடிக்கும். தொடாமல், விலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். ஒரு டோஸோடு நிறுத்தாமல் அட்டையில் எழுதித் தரும் தேதிகளில் எல்லாம் போங்கள். காயத்துக்கு மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: மாடு

மாட்டுக்கும் இதே முறைதான். பின்பக்கம் மட்டும் நிற்காதீர்கள். தோள்பட்டைக்குப் பக்கத்தில், அது பார்க்கிற மாதிரி நின்று கழுத்தோரம் கை வையுங்கள். பால் கறக்கும் நேரத்தில் வேண்டாம், கறப்பவர் திட்டுவார்.