ரஷ்ய மொழிக்காரர்களுக்கு ஆங்கில மரபுத்தொடர் சொல்லித் தரும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ரஷ்ய மொழி பேசுகிறவர்களும் அங்கே வருகிறார்கள். மரபுத்தொடர்களைப் பட்டியலாக எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னால் மறுவாரம் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு தொடருக்கும் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். நம் கையில் தமிழும் இருப்பது கூடுதல் வசதி.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது மூன்று மொழியிலும் அப்படியே இருக்கிறது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படம் மட்டும் மாறுகிற தொடர்களில்தான் வகுப்பு களைகட்டும். ஒரே கல்லில் நாம் அடிப்பது இரண்டு மாங்காய், ஆங்கிலத்தில் இரண்டு பறவை. ரஷ்யர்கள் கல்லை விட்டுவிட்டு இரண்டு முயலைக் கொல்கிறார்கள். 'கோல்ஸ் டு நியூகாஸில்' என்றால் நியூகாஸிலுக்கே நிலக்கரி கொண்டுபோவது. ரஷ்யர்களுக்கு அது சமோவார் என்கிற தேநீர் வெந்நீர்ப் பாத்திரம் செய்கிற துலா நகரத்துக்குச் சொந்த சமோவாரோடு போவது. நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. டர்பன் இருக்கிற நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் ஒரு நியூகாஸில் உண்டு, அதுவும் நிலக்கரி ஊர்தான். ஆனால் தொடர் குறிப்பது இங்கிலாந்தில் இருப்பதை. இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

'கிக் த பக்கெட்' (சொல்லுக்குச் சொல் வாளியை உதைப்பது, பொருள் சாவது) வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். ரஷ்யத்தில் 'த', 'எ' எதுவும் கிடையாது, நமக்கும் கிடையாது. அதனால் மாணவர் தாராளமாக 'ஹி கிக்ட் எ பக்கெட்' என்று எழுதுவார். அங்கே யாரும் சாகவில்லை, ஏதோ ஒரு வாளி உதைபட்டது, அவ்வளவுதான். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்று செயப்பாட்டுவினையாக்கினாலும் வாளிதான் மிஞ்சும். காலத்தை மாற்றலாம், மற்றதைத் தொடக்கூடாது. கரும்பலகையில் இந்த வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதில் ஆள் செத்தான் என்று கேட்டால் போதும், விளக்கமே தேவைப்படாது. தொனியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது 'காலமானார்' இல்லை, 'மண்டையைப் போட்டான்'. ரஷ்யத்தில் இதற்குக் 'குளம்பை உதறினான்' என்கிற மாதிரி ஒரு தொடர் உண்டு. அதைச் சொன்னதும் இழவு வீட்டில் பேசக்கூடாதது என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

காது, கால் விஷயத்தில் கவனம். நாம் காதில் பூ சுற்றுகிறோம், ரஷ்யர்கள் காதில் நூடுல்ஸைத் தொங்கவிடுகிறார்கள். இரண்டும் ஏமாற்றுவதுதான். இதற்கு ஈடாக 'புல்லிங் மை லெக்' என்பதைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அது வெறும் கேலி. நம் 'காலை வாரிவிடுவது' அதைவிடப் பெரிய துரோகம்.

பரீட்சைக்குப் போகிறவரிடம் 'பிரேக் எ லெக்' (காலை உடைத்துக்கொள், அதாவது நன்றாகச் செய் என்ற வாழ்த்து) என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ரஷ்யர்கள் சுளிப்பதில்லை. அவர்கள் வாழ்த்தே 'இறகும் வேண்டாம், தூவியும் வேண்டாம்' என்கிற வேட்டைக்காரர் பேச்சு, அதற்குப் பதில் 'சாத்தானிடம் போ'. ஆங்கிலத்தில் நன்றி சொன்னால் போதும், சாத்தான் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த நாட்டு ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் இங்கே 'மங்கீஸ் வெடிங்', ஜூலு மொழியிலும் குரங்குக் கல்யாணம்தான். நமக்குக் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். ரஷ்யர்களுக்கு மட்டும் அது காளான் மழை, கல்யாணப் பேச்சே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இதுதான், ஆனாலும் லண்டனில் இதைச் சொன்னால் விழிப்பார்கள் என்று எச்சரித்துவிடுவேன்.

அப்புறம் 'ஜஸ்ட் நௌ'. பாடப்புத்தகத்தில் 'இப்போதுதான்' என்று இருக்கும். டர்பனில் குழாய் ரிப்பேர்காரர் 'ஜஸ்ட் நௌ' வருகிறேன் என்றால் அது இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, எப்போது என்று கேட்கக்கூடாது. அவசரமென்றால் 'நௌ நௌ' வருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.