வாக்குத்தத்த வசனங்களை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை அப்படியே பைபிளுக்குள் செருகி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பழைய அட்டைகளில் இரண்டில் ஒரே வசனம்தான் இருந்தது: எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம். ஆனால் பத்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோமே, அதுதான் நாம் அதிகமாகச் செய்யும் தவறு.

அது ஒரு கடிதத்தின் வரி. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒருவருக்கு, தான் ஊர் திரும்பப்போவதில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை. பாபிலோன் விழுந்தது கி.மு. 539-ல். அதன் பிறகே பெர்சியாவின் கோரேசு ராஜா யூதர்களை ஊர் திரும்பவிட்டார். கர்த்தர் சொன்னதைச் செய்தார், கேட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, முழு அதிகாரத்தையும் வாசியுங்கள் என்கிறேன்.

தாமதமானால் கைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. சந்ததியைப் பற்றிய வாக்கோடு ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் அவரும் மனைவி சாராளும் பொறுமை இழந்து, அடிமைப்பெண் ஆகார் மூலமாகப் பிள்ளைக்கு வழி தேடினார்கள், அந்த வீட்டில் அதனால் வந்த கண்ணீரை ஆதியாகமம் மறைக்கவில்லை. தேசம் முழுவதும் உனக்குத்தான் என்று கேட்ட அதே மனிதர், சாராளை அடக்கம் பண்ண மக்பேலா குகை நிலத்தை 400 சேக்கல் (அந்நாள் எடை அளவு) வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அவர் சந்ததி 400 வருஷம் அந்நிய தேசத்தில் ஒடுக்கப்படும் என்று 15-ஆம் அதிகாரமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

நிபந்தனை உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகக் கலப்பதும் உண்டு. ஆதியாகமம் 15-ல் கர்த்தர் உடன்படிக்கை பண்ணும்போது ஆபிராம் (ஆபிரகாமின் முந்தின பெயர்) அயர்ந்து தூங்குகிறார், துண்டித்து வைத்த பலிகளின் நடுவே புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டுமே கடந்துபோகின்றன. ஆபிராம் கடக்கவேயில்லை, அதாவது அவர்மேல் அங்கே நிபந்தனை வைக்கப்படவில்லை. சீனாய் மலையிலோ "என் வாக்கை உள்ளபடி கேட்டு" என்ற நிபந்தனை முன்னால் நிற்கிறது. யோசுவா 21:45-ல், சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை என்று வாசித்து மகிழ்கிறோம். எபிரெயத்தில் அது "ஒரு வார்த்தையும் கீழே விழவில்லை" என்றே இருக்கிறது. சரி, 23:15-ஐயும் வாசிக்கவேண்டும்: நன்மை நிறைவேறியதுபோல எச்சரிப்பும் நிறைவேறும்.

அப்புறம், 'உண்மை' என்ற சொல். அதைப் பொய் பேசாமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியை இழக்கிறோம். எபிரெயத்தில் எமுனா, அசையாத உறுதி என்றும் பொருள். அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப்பிடிக்க, சூரியன் மறையும் வரை மோசேயின் கைகள் அசையாமல் நின்றதற்கும் இதே சொல்தான் (யாத்திராகமம் 17:12). "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்பது புலம்பல் புத்தகத்தில் வருகிறது, எருசலேமின் அழிவுக்காக அழுகிற பாடல்களின் நடுவில்.

எரேமியாவுக்கு இது வெறும் பேச்சு அல்ல. பாபிலோன் படை நகரத்தைச் சூழ்ந்திருக்க, அவர் காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டிருந்தார். உறவினர் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருந்த நிலத்தை வாங்கிக்கொள்ளக் கேட்டார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பத்திரம் அநேக நாள் இருக்கும்படி, அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார்.