காட்டோரக் காணியில் வீடு கட்டுவது எப்படி: வன்னிக்கான படிமுறை

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம், இரண்டு புறமும் காடு நிற்கும் எங்கள் குடும்பக் காணியில் வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு, அதே போன்ற காணி வைத்திருக்கும் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விடயத்தைச் சொல்வதால் இங்கே எழுதி வைக்கிறேன். கலவை போடுவது, கல் அடுக்குவது எல்லாம் மேசன்மாருக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மேசன் வருவதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவைதான் முக்கியம். வன்னியில் வீட்டுப் படத்தை முதலில் வரையக் கூடாது. மாரித் தண்ணீரையும் மண்ணையும் பார்த்த பிறகுதான் வரைய வேண்டும்.

1. காணி

இங்கே பல காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் (அனுமதிப் பத்திரக்) காணிகள், அல்லது பிறகு அளிப்புப் பத்திரம் கிடைத்தவை. உங்கள் கையில் இருப்பது எது, அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் உறுதி செய்யுங்கள். காடு தொடும் பக்கத்தில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே என்று கிராம அலுவலரோடு நேரில் நடந்து பாருங்கள். பற்றை வளர்ந்த பழைய தோட்டம், காடு என்று வரைபடத்தில் ஏறியிருக்கலாம். கட்டிட அனுமதி பிரதேச சபையில். உங்கள் வளவில் நிற்கும் மரம் என்றாலும் முதிரை, பாலை போன்றவற்றை வெட்டி ஏற்ற அனுமதி வேண்டும். பனை தறிக்கவும் வேண்டும்.

அடுத்தது போர்க்கால மிதிவெடி. அந்தப் பகுதி துப்புரவு செய்து கையளிக்கப்பட்டதா என்று கேட்டு அறியாமல் டோசர் இறக்காதீர்கள். கையளித்த காணி என்றாலும் பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைக்க வேண்டாம். வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் பொருள் சூட்டில் வெடிக்கும். மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் ஒரு அடியும் வைக்கக் கூடாது. இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. ஒரு மாரியைக் காணியில் பாருங்கள்

கோடையில் எல்லாக் காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழைதான் உண்மையான மட்டத்தைக் காட்டும். பற்றையை வெட்டியதும் காணி முழுக்க இருபது முப்பது அடிக்கு ஒரு தடி நட்டு விடுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் காலை போய், தண்ணீர் நின்ற உயரத்தைத் தடியில் பெயின்டால் குறியுங்கள். எங்கே நிற்கிறது, எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று ஒரு கொப்பியில் வரைந்து வையுங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் 2018 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்கள் யாரும் அதை மறக்கவில்லை. வேலிக் கதியாலைக் காட்டிச் சொல்வார்கள். அந்த மட்டம்தான் உங்கள் கணக்கின் தொடக்கம்.

மழை விட்டதும் குழி வெட்டிப் பாருங்கள். வீடு வரப்போகும் நான்கு மூலையிலும் நடுவிலும் நாலடி ஆழம் போதும். செம்மண்ணும் அதன் கீழே கிரவலும் (சரளை மண்) வந்தால் நல்ல இடம். ஒட்டும் களி வந்தால் யோசிக்க வேண்டும். களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை மட்டும் களியில் இருந்தால் அந்த மூலைதான் முதலில் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண் போட்டுத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இருக்கும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி கடைசியாக, மெல்ல இறங்கும். எந்த அடுக்கு எவ்வளவு தடிப்பு என்று கண்ணாலேயே தெரியும்.

எங்கள் காணியில் கிழக்குப் பக்கம் கிரவல், தென்மேற்கு மூலையில் களி. களியைத் தோண்டி எடுத்து நிரப்ப ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, வீட்டையே கிழக்குப் பக்கம் தள்ளினோம். காட்டோரத்தில் காணி பெரிது; இடத்தை மாற்றுவதற்குக் காசு செலவில்லை.

3. கிணறு

வீட்டுக்கு முன் கிணறு. கட்டும் வேலைக்கே தண்ணீர் வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றில் இருந்து 60 அடியாவது தள்ளி, கிணற்றை விடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். தடிகளில் குறித்த கொப்பி இங்கேயும் உதவும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கடினத்தன்மையும் புளோரைட்டும் பாருங்கள். தண்ணீரின் ருசியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வவுனியா உட்பட வறண்ட வலயத்தில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

குடிக்க மழைநீர் பிடிப்பது என் விருப்பம். கணக்கு எளிது: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மி.மீ. மழை என்றால் 1,000 லீற்றர். சிந்துவது சிதறுவது போக 800 என்று வையுங்கள். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு வால்வு கட்டாயம். காட்டோரக் கூரையில் சருகும் குரங்கின் எச்சமும் இருக்கும்.

4. படம்

இப்போதுதான் படம். காகிதத்தில் இல்லை, நிலத்தில். கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் அறைகளைக் கீறுங்கள். உள்ளே பாய் போட்டுப் படுங்கள், கதிரை வையுங்கள், அம்மாவை நடக்கச் சொல்லுங்கள். குசினியில் இருந்து கிணற்றுக்கு எத்தனை அடி என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.

வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். காலை மாலை வெயில் சிறிய சுவர்களில் மட்டும் படும். கோடையில் சோழகம் தென்மேற்கில் இருந்து புழுதியோடு அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து மழையோடு வரும். அதனால் வடக்கு, கிழக்குப் பக்கத் தாழ்வாரத்தை அகலமாக இறக்குங்கள். விறாந்தையும் அங்கேதான் நல்லது. வாடை அடிக்காத மாதங்களில் பின்னேரம் முழுக்கக் கிழக்குப் பக்கத்தில் நிழல் இருக்கும்.

நிலையம் எடுத்துத் தந்த (சாத்திரப்படி வீட்டின் இடத்தைக் குறித்துத் தந்த) ஆசாரியார் குசினியை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைக்கச் சொன்னார். காற்றை வைத்துப் பார்த்தாலும் அது சரியாகவே வருகிறது. சோழகம் புகையை வடகிழக்கே தள்ளும், வாடை தென்மேற்கே தள்ளும். தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் இரண்டு காற்றிலும் புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். விறகு எரிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அளவு பற்றி ஒரு சொல். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாவுக்குக் கட்டிய 550 சதுர அடி வீடுகள் வன்னி முழுக்க நிற்கின்றன. பலர் பிறகு அறை கூட்டும்போது கூரையை உடைக்க வேண்டி வந்தது. நீங்கள் சிறிதாகத் தொடங்குவதானால், எந்தப் பக்கம் வளரப் போகிறது என்று இப்போதே முடிவு செய்து, அந்தப் பக்கம் முகட்டுச் சுவரை நேராக எழுப்புங்கள். வளை அப்படியே நீளும்.

5. அத்திவாரமும் கறையானும்

வேலையில் எங்களை அதிகம் படுத்தியது இந்தக் கட்டம். காட்டு மண்ணில் வேர் இருக்கும், வேர் இருக்கும் இடத்தில் கறையான் இருக்கும். வீடு வரும் இடத்திலும் அதைச் சுற்றிப் பத்தடிக்கும் ஒரு வேர்க்கட்டையும் விடாமல் பிடுங்க வேண்டும். மேலாக வெட்டி மண் மூடினால் கட்டை உள்ளே உக்கும், கறையான் அதைத் தின்று முடித்ததும் நிலைக்கதவுக்கு வரும். புற்று இருந்தால் அடிவரை தோண்டுங்கள்.

அத்திவாரக் குழி கிரவலைத் தொட வேண்டும். கருங்கல் அத்திவாரத்துக்கு மேலே கம்பி போட்ட பீம் ஒன்று வீட்டைச் சுற்றி முழுதாக ஓடட்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். தரை, தடியில் குறித்த மிக உயர்ந்த மட்டத்தை விட இரண்டடி மேலே. உள்ளே நிரப்பும் மண்ணில் மேல்மண், சருகு, மரத்தூள், பலகைத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். வேலையாட்கள் அவசரத்தில் வெட்டிய தடி, பலகை எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

தரை மட்டத்தில் ஈரம் ஏறாமல் சீமெந்துப் படையும் அதன் மேல் தாரும். பிறகு வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கொங்கிறீற்று. சுவரோடு ஒட்டிப் பூமரம் நடாதீர்கள். அத்திவாரத்தின் வெளிப்பக்கத்தை வெள்ளையாக விடுங்கள். கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் உடனே கண்ணில் படும், கிழமைக்கு ஒருமுறை சுற்றி வந்து தட்டிவிடலாம். நிலையின் கால் தரைக்குள் புதையாமல், தரைக்கு மேலேயே முடிய வேண்டும்.

கழிவு ஒயில் ஊற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்று ஊற்றுவது நாளை உங்கள் கிணற்றில்தான். கறையான் மருந்து அடிப்பதென்றால் அந்த வேலை தெரிந்தவரைக் கொண்டு, கிணற்றுக்குத் தள்ளி அடியுங்கள்.

6. சுவர்

கல்லை லொறியில் இருந்து இறக்க முன் பாருங்கள். ஒரு வியாபாரி கொண்டுவந்த சீமெந்துக் கல் விரலால் உரசவே உதிர்ந்தது. அப்படியே திருப்பி ஏற்றினோம். முழங்கால் உயரத்தில் இருந்து இறுகிய நிலத்தில் போட்டால் உடையாத கல் போதும். செம்மண்ணில் சிறிது சீமெந்து சேர்த்து அமுக்கிச் செய்யும் கல் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

கருவிகளில் இரண்டு போதும். ஒன்று நீர்மட்டக் குழாய். நீளமான சுவருக்கு ரசமட்டத்தை விட இதைத்தான் நம்புவேன். மற்றது அளவு நாடா: மூலையில் ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வந்தால் மூலை சரி. சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள்.

7. கூரை

ஓடு குளிர்ச்சி. ஆனால் குரங்கு இருக்கிறதே! கிளையில் இருந்து கூரைக்குப் பாயும், ஓட்டைப் புரட்டும். கூரைக்கு மேல் நீளும் கிளைகளைப் பத்தடிக்குக் குறையாமல் வெட்டி, ஓரத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் கம்பியால் கட்டினால் பெரும்பாலும் தப்பலாம். கைமரத்துக்கு வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையை விட நல்லது இல்லை. கறையான் லேசில் தொடாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் சுவர் மேல் வரும் மரத்தைச் சுவர் உச்சிப் பீமில் புதைத்த போல்ட்டால் இறுக்குங்கள். சும்மா வைத்துக் கலவை பூசினால் காற்று தூக்கும். மேற்குப் பக்கத்து வேம்பையும் நாவலையும் விட்டுவையுங்கள், நிழல் வேண்டும். பட்ட மரம் வீட்டில் விழும் தூரத்தில் இருந்தால் அகற்றுங்கள்.

8. யானை, பாம்பு

நெல்லையும் உப்பையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். அந்த மணத்துக்குத்தான் யானை சுவரை இடிக்கும். வாழையைப் படுக்கையறைப் பக்கம் நடவும் வேண்டாம். வீட்டுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கதவுகள் இருக்கட்டும். ஒரு பக்கம் யானை நின்றால் மறுபக்கத்தால் வெளியேறலாம். விறகுக் குவியலை வீட்டில் இருந்து தள்ளி வையுங்கள். எலி வந்தால் பாம்பும் வரும். கதவடியில் விரல் போகும் இடைவெளி இருந்தால் றப்பர் அடித்து அடையுங்கள்.

பிறகு சேர்த்தது

துணுக்காய்ப் பக்கத்து வாசகர் ஒருவர், காணி முழுக்கக் கருங்களி, தள்ளிக் கட்ட இடமே இல்லை என்று எழுதியிருந்தார். துணுக்காய், முருங்கன் மண்ணுக்கு இந்தப் பதிவின் அத்திவாரம் போதாது. ஒரு பொறியியலாளரைக் கொண்டு மண்ணைப் பார்த்துக் கம்பி வேலையை வரையச் சொல்லுங்கள். சுற்றுக் கொங்கிறீற்றை இன்னும் அகலமாகப் போட்டு, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தூரம் கொண்டு போங்கள். மண்ணின் ஈரம் எவ்வளவு குறைவாக மாறுகிறதோ அவ்வளவுக்குச் சுவர் வெடிப்பது குறையும்.

இன்னொருவர் பொள்ளல் கல்லால் சுவர் எழுப்பிப் பாதியில் நிறுத்தியிருந்தபோது, கல்லின் துளைகளில் குளவி கூடு வைத்ததாகச் சொன்னார். வேலையை இடையில் நிறுத்துவதானால் மேல் வரிசைத் துளைகளைக் கலவையால் மூடிவிடுங்கள். திரும்பத் தொடங்கும் நாளில் கை வைக்க முன் நீளத் தடியால் தட்டிப் பாருங்கள்.